காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் தேவை

(தைப்பிங்கில் ஒரு தாமான் குடியிருப்பாளர்களின் கோத்தோங் ரோயோங்கிற்குப் பின்னர், பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்து களைத்திருக்கிறீர்கள். மீகூனும் தேநீரும் ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தவள். சுகாதாரத் துண்டறிக்கைகளை மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் வேலை. கிளினிக்கில் காத்திருக்கும்போது நீங்கள் கையில் எடுத்து விசிறிக் கொள்கிறீர்களே, அந்தத் தாள்களில் சிலவற்றைத் தமிழில் எழுதியவள் நான்தான். இன்று உங்கள் முன் நிற்பதற்கு அந்த வேலை மட்டும் காரணமில்லை. நான் ஒரு தாய். என் கையால் எழுதிய ஒரு வரி, தேவைப்பட்ட நேரத்தில் எனக்கே நினைவுக்கு வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பாலர் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை மாலை நல்ல காய்ச்சல். உடம்பெல்லாம் வலி என்றான், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். திங்கட்கிழமை கிளினிக்கிற்குக் கொண்டு போனோம். இரத்தப் பரிசோதனை செய்து, டிங்கி என்று சொன்னார்கள். “இப்போதைக்கு வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம். ஆனால், தினமும் இரத்தம் பரிசோதிக்க அழைத்து வாருங்கள்” என்று ஓர் அட்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “காய்ச்சல் விட்டுருச்சும்மா.” அம்மாவும் “அப்பாடா, இனி பயமில்லை” என்றார். அன்று கிளினிக்கிற்குப் போவதைக்கூட மறுநாளைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். மூன்று நாள் விடுப்பு எடுத்தாயிற்று. வேலை குவிந்து கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆண்டி இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் மகன் வாசல் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். மலாயில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “பையன் காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனானா?”

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். எழுந்ததிலிருந்து போகவில்லை. மூன்று முறை வாந்தி எடுத்திருந்தான். கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானாக நினைத்துக் கொண்டிருந்தேன். கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அதைத்தான் காய்ச்சல் விட்டதன் அடையாளம் என்று மகிழ்ந்திருந்தேன்.

முந்தின வருடம் அந்த ஆண்டியின் பேத்திக்கு டிங்கி வந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். உடனே சொட்டு மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் மணிக்கணக்குப் பார்த்துக் கவனித்தார்கள். பிழைத்துக் கொண்டான். இதோ, வெளியே அவன் போடும் சத்தம் உங்கள் காதிலும் விழுகிறது.

“விட்டது” என்ற சொல்

மருத்துவமனையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த எச்சரிக்கையை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். “காய்ச்சல் தணியும் கட்டத்தில் எச்சரிக்கை அறிகுறிகளைக் கண்காணிக்கவும்” என்று எழுதியிருந்தேன். இலக்கணப் பிழை கிடையாது; மூலத்திலிருந்து ஒரு சொல்கூட விலகவில்லை. ஆனால், ஒரு தாய் அதைப் படித்தால் என்ன செய்வாள்? பக்கத்தைத் திருப்புவாள். நானே திருப்பியிருக்கிறேனே!

நம் மொழியில் “காய்ச்சல் விட்டது” என்றால் நல்ல செய்தி. மழை விட்டது, வலி விட்டது, பிடித்த பீடை விட்டது என்கிறோம். எது “விட்டாலும்” நமக்கு நிம்மதிதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் இளகிவிடும். டிங்கியில் மட்டும் நாம் இந்தச் சொல்லை நம்பக்கூடாது.

ஏன் என்று மருத்துவர் எனக்கு எளிமையாக விளக்கினார். டிங்கி மூன்று கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் காய்ச்சல். இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் சூடு இறங்கும் நேரத்தில், இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. அப்போது சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டியாகிறது, உறுப்புகளுக்குப் போதுமான இரத்தம் போய்ச் சேராது. இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் மூன்றாவது கட்டம்: உடல் தேறத் தொடங்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலோர் இரண்டாவது கட்டத்தைச் சிக்கலில்லாமல் கடந்து தேறிவிடுகிறார்கள். ஆனால், யார் கடப்பார், யார் கடக்க மாட்டார் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். “காய்ச்சல்தான் இல்லையே, எதற்குப் பிள்ளைக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டும்?” என்று நினைக்காதீர்கள். தட்டணுக்கள் குறைகின்றனவா, இரத்தம் கெட்டியாகிறதா என்பதை அந்தப் பரிசோதனைதான் காட்டும்.

எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்?

காய்ச்சல் இருந்தாலும் விட்டிருந்தாலும், கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

• வயிறு கடுமையாக வலிக்கிறது என்று பிள்ளை அழுவது.
• ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுப்பது. குடித்தது எதுவும் வயிற்றில் தங்காமல் போவது.
• மூக்கிலோ ஈறிலோ இரத்தம் கசிவது. மலம் கறுப்பாகப் போவது.
• சோர்ந்து சுருண்டு படுப்பது, கூப்பிட்டால் எழ மறுப்பது, அல்லது காரணமில்லாமல் அமைதியிழந்து புரள்வது.
• கை கால் சில்லிட்டு, வியர்த்துப் போவது.
• நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது.
• மூச்சுவிடச் சிரமப்படுவது.

வாகனம் இல்லையென்றால் 999 எண்ணுக்கு அழையுங்கள். அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நள்ளிரவானாலும் தட்டுங்கள்.

வீட்டில் பார்த்துக் கொள்ளும்போது காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் கொடுங்கள். பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி கிளினிக்கில் எழுதிக் கொடுத்த அளவைத் தாண்ட வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபன், போன்ஸ்டன், வோல்தரன் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தலாம். வீட்டு அலமாரியில் போன தடவை மிச்சமான மருந்து இருக்கும். நல்ல எண்ணத்தில் பாட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். இதைப் பாட்டிகளுக்கும் சொல்லி வையுங்கள்.

குடிக்கக் கொடுத்துக் கொண்டே இருங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர், பால், பழச்சாறு, கிளினிக்கில் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல், எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக. சிவப்பு, கறுப்பு நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தியில் இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது கடினமாகிவிடும். எத்தனை மணிக்கு என்ன குடித்தான், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தான் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அன்று ஆண்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடக்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு மேலெல்லாம் சிவந்து தடித்தால், “அம்மை போட்டிருக்கிறது” என்று வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்து, வெளியே கொண்டு போகாமல் இருப்பது உண்டு. டிங்கியிலும் உடம்பு சிவந்து புள்ளிகள் வரும். வேப்பிலை வைப்பது உங்கள் நம்பிக்கை, வையுங்கள். ஆனால், முதலில் கிளினிக்கிற்குக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்து வையுங்கள். அடுத்தது பப்பாளி இலைச் சாறு. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றை வற்புறுத்திப் புகட்டினால், குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிடும்.

நம் தாத்தாக்களின் கொசு வேறு

இப்போது அந்தக் கொசு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. தீபகற்பத்திலேயே மிக ஈரமான நகரம் என்று பெயர் பெற்றது. புக்கிட் லாருட்டில் மேகம் முட்டினால், துணியை எடுக்க நாம் ஓட வேண்டும். அந்த மழைதான் ஏரிப் பூங்காவின் மரங்களை அப்படி வளர்த்திருக்கிறது. நம் வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மூடியையும் தட்டையும் நிரப்புவதும் அதே மழைதான்.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களை வாட்டியது மலேரியா. மலையடிவாரத் தோட்டங்களில் அதைப் பரப்பிய கொசு, ஓடைகளிலும் ஊற்றுத் தண்ணீரிலும் பிறந்தது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்தார். பிறகு தோட்டங்களிலும் கால்வாய் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் பரவின. கொசு என்றால் சாக்கடை, கால்வாய், புதர் என்ற நினைப்பு நமக்கு அங்கிருந்தே வருகிறது.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அப்படியில்லை. அதற்குச் சாக்கடை வேண்டாம். தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். மனிதர்கள் இருக்கும் இடத்தை ஒட்டியே வாழ்கிறது. இரவில் அல்ல, பெரும்பாலும் காலையில் பொழுது விடிந்த பிறகும், மாலையில் பொழுது சாயும் முன்பும் கடிக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், மாலையில் வாசலில் விளையாடும் நேரமும் அவைதான்.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பொரியும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறோம்.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். “லார்வா” என்று முதலில் எழுதினேன். “அது என்னம்மா?” என்று கேட்டார்கள். “கூத்தாடிப் புழு” என்று எழுதினேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழங்கும் அழகான சொல். இங்கே யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. “ஜெந்திக்-ஜெந்திக்” என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். இனி அப்படியே சொல்கிறேன்.

என் மகன் மருத்துவமனையில் இருந்தபோது, சுகாதார அதிகாரிகள் எங்கள் தெருவைச் சோதிக்க வந்தார்கள். டிங்கி என்று தெரிந்தால் 24 மணி நேரத்திற்குள் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதன்படி வந்தார்கள். தெருக் கோடியில் ஒரு காலி வீடு இருக்கிறது. புதர் மண்டி, கூரை ஒழுகி நிற்கிறது. அங்கிருந்துதான் கொசு வந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்தேன்.

காலி வீட்டிலும் ஜெந்திக்-ஜெந்திக் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது. துளசிச் செடிக்குக் கீழே நான் வைத்திருந்த தட்டில், விரல் உயரம்கூட இல்லாத தண்ணீரில். தினமும் விளக்கேற்றும் இடம் அது; ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, இதற்கு அபராதம் உண்டு. ஆனால், எனக்கு அபராதத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. என் மகனைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து காலி வீட்டை மட்டும் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வேலிக்கு இரு பக்கமும்

ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள்தான் சுற்றுகிறது. நம் தாமானில் அது எவ்வளவு தூரம்? இந்த மண்டபத்திலிருந்து நாற்சந்தி மளிகைக் கடை வரை என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை வீடுகள்! அத்தனை வீட்டுத் தட்டுகளும் ஒரே வீட்டுத் தட்டுகள் போலத்தான். என் வீட்டை மட்டும் துடைத்து வைத்துக் கொண்டு, என் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது.

கொசு டிங்கியோடு பிறப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலும் காய்ச்சல் உள்ள ஒருவரைக் கடித்துத்தான் கிருமியைப் பெறுகிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து அது கடிக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறது. ஆகவே, காய்ச்சல் நாள்களில் பிள்ளையைப் பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வையுங்கள், கொசு விரட்டி பூசுங்கள். அது உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் செய்யும் உதவி.

வீட்டில் டிங்கி வந்தால் மறைக்காதீர்கள். வீடு சுத்தமில்லை என்று பேசுவார்களோ என்று பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். தெருவின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போடுங்கள்: “எங்கள் வீட்டில் பிள்ளைக்கு டிங்கி. எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.” அதைப் படிப்பவர்கள், யார் வீடு அழுக்கு என்று பேசாமல், என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். இது யார் வீட்டுக்கும் வரும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஒரு முறை வந்தவருக்கு இனி வராது என்றும் இல்லை. டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால் கடுமையாகலாம்.

புகையடிக்க வருகிறார்கள் என்றதும் கதவு சன்னலை இறுக்கிச் சாத்துகிறோம். கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது! உணவை மூடி வைத்து, பிள்ளைகளையும் பறவைக் கூண்டையும் வெளியே கொண்டு போய்விட்டு, கதவைத் திறந்து விடுங்கள். அதோடு, புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டையும் ஜெந்திக்-ஜெந்திக்கும் அப்படியே இருக்கும். அவற்றை நம் கைதான் அழிக்க வேண்டும்.

அதற்கு வாரத்தில் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய பிறகு, பிள்ளையையும் கூட அழைத்துக் கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பூச்சட்டித் தட்டு, துளசி மாடம், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, போத்தலில் வளர்க்கும் கொடி, நாய்க்கு வைக்கும் தண்ணீர், பூசைக்குப் பின் தூக்கிப் போட்ட தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், கூரைத் தாழ்வாரம். கொட்ட முடியாத தொட்டியில், பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் அபேட் போடுங்கள். என் மகன் இப்போது கைவிளக்கை எடுத்துக் கொண்டு எனக்கு முன்னால் போகிறான். ஜெந்திக்-ஜெந்திக்கைக் கண்டால் அவனுக்குப் பெருமை, எனக்குக் குற்ற உணர்ச்சி.

அன்பர்களே, லயத்தில் பெற்றோர் விடியலில் மரம் வெட்டப் போனால், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் அடுத்த வீட்டுக்குச் சுவர் வழியே கேட்கும். அந்த வாழ்க்கையின் கஷ்டத்தை மறந்து பேசவில்லை. அது திரும்ப வரவும் வேண்டாம். ஆனால், நம் பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் பார்க்க நம்மைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் அங்கே இருந்தது. இங்கே கேட்டைப் பூட்டிக் கொண்டு வாழ்கிறோம். என் மகனைப் பார்த்த அந்த இன்னொரு ஜோடிக் கண், நான் அதுவரை தலையசைப்போடு நிறுத்திக் கொண்ட ஒரு சீன ஆண்டியினுடையது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, இரு பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். மற்றது, மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நான் திருத்தி எழுதிய அந்த வரியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்:

“காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த இரண்டு நாள் பிள்ளையை விட்டு நகராதீர்கள். குடிக்கிறானா, சிறுநீர் கழிக்கிறானா, கை கால் சில்லிடுகிறதா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் கொண்டு போங்கள்.”